கல்யாணப் பந்திக்கு வந்த கிரேன்

என் அக்கா விபெக்கெக்கு வாயில் கொழுக்கட்டை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அதற்கும் அவள் பதில் சொன்னதில்லை. மேற்கு யூட்லாந்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாருமே அதிகம் பேசமாட்டார்கள்தான். சாப்பாடு பிரமாதமாக இருந்தால் "மோசமில்லை" என்பார்கள், அதோடு சரி. அப்பேர்ப்பட்டவர்களே விபெக்கெயைப் பார்த்து, இந்தப் பொம்பளை கொஞ்சம் வாயைத் திறந்தால் தேவலை என்று சொல்வார்கள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன் என்று ஊரில் பேச்சு. பேக்கரி வைத்திருப்பவள் உம்மென்று இருந்தால் ரொட்டி விற்குமா?

அக்காவுக்குக் கிரேன் ஓட்டுகிற வேலை. ஒரே இடத்தில் நட்டு வைக்கும் கோபுரக் கிரேன் இல்லை, லாரி மாதிரி ஊர் ஊராக ஓடுகிற கிரேன். பள்ளிக்கூடக் கூரை, மாட்டுத் தொழுவத்துக் கான்கிரீட் சுவர், காற்றாலைக்கு உதிரிப் பாகம், எதுவானாலும் போய்த் தூக்கி வைத்துவிட்டு வருவாள். தூக்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள், வெயிட் எவ்வளவு என்று. சரியான பதில் வராவிட்டால் கேபினில் உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சாண்ட்விச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். முதலாளி வந்து குதித்தாலும் கொக்கி இறங்காது.

அவளுக்கு ஒரே மகள், சீசெல். அப்பா நார்வேக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவர், போனவர்தான். சீசெலுக்குப் பதினாலு வயதில் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு நடந்து, அன்று மத்தியானம் விருந்து வைத்தோம். இங்கே விருந்து என்றால் பேச்சு இல்லாமல் முடியாது. பெற்றவர்கள் எழுந்து நின்று, பிள்ளை பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, நாலு கிண்டல் செய்து, கடைசியில் கண் கலங்கி உட்கார வேண்டும். விபெக்கெயின் முறை வந்தது. எழுந்தாள். "காபி பாத்துட்டு வந்துடறேன்" என்று சமையலறைக்குப் போனவள், விருந்து முடியும்வரை வெளியே வரவில்லை. சீசெல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நானே எழுந்து ஏதோ பேசி ஒப்பேற்றினேன், ஆனால் சித்தி பேசுவதும் அம்மா பேசுவதும் ஒன்றாகுமா?

சீசெல் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, அந்த விஷயத்தில் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். ஆர்ஹுஸ் நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள், மால்தெ என்று ஒரு தோட்டக்காரப் பையனைப் பிடித்தாள். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஜூலையில் கல்யாணம் என்று முடிவானதும் இரண்டு பேரும் விபெக்கெ வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள். கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே சீசெல் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பந்தியில மொதல் பேச்சு பொண்ணோட அப்பா பேசணும். அப்பா இல்ல. நீதான். பெருசா ஒண்ணும் வேணாம், காபி பாக்கப் போயிடாத, அவ்ளோதான்."

விபெக்கெ தலையாட்டினாள். மகள் கார் ஏறிப் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. முப்பது மீட்டர் உயரத்தில் கான்கிரீட் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிறவள் அவள்.

நான் உடனே, பேச்சை நான் எழுதித் தருகிறேன், நீ வாசித்தால் போதும் என்றேன். எழுதியும் கொடுத்தேன், நன்றாகவே எழுதியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தாள். "அன்புள்ள சீசெல்" வரைக்கும் வரும். அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னாலேயே இப்படி என்றால் நூறு பேர் இருக்கிற கூடத்தில் என்ன ஆவாள்?

அந்தக் குளிர்காலம் காற்று விடாமல் அடித்தது. காற்று வேகம் எல்லையைத் தாண்டினால் கிரேன் வேலை கிடையாது. வாரத்தில் பாதி நாள் விபெக்கெ வீட்டில்தான். ஒருநாள் ரொட்டி கொடுக்கப் போனால், மடிக்கணினி முன்னால் மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். திரையில் லெகோ கட்டைகள். கம்ப்யூட்டரிலேயே கட்டை மேல் கட்டை அடுக்கி மாடல் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, உலகத்தில் உள்ள எல்லாத் துண்டும் அதில் இருக்கும். அதில் அவள் தன் சொந்தக் கிரேனைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது எந்தப் பெட்டியிலும் கிடைக்காத கிரேன். அவள் ஓட்டுகிற அதே வண்டி, நீலமும் வெள்ளையும், அச்சுக்கு அச்சு, கண்ணாடிக்குக் கண்ணாடி.

எதற்கு என்று கேட்டேன். மூன்று தரம் கேட்ட பிறகு வாய் திறந்தது. கல்யாணத்துக்கு நான் செய்கிற பாதாம் வளையக் கேக் இருக்கிறதே, பெரிய வளையத்தின் மேல் அதைவிடச் சின்ன வளையமாகப் பதினெட்டு அடுக்கி, உச்சியில் ஜோடிப் பொம்மை வைப்போமே, அந்த உச்சி வளையத்தை இந்தக் கிரேன் தூக்கிக் கோபுரத்தின் மேல் வைக்கும். அவள் பேச்சுக்குப் பதில் அது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, அவ கேட்டது பேச்சு. நீ குடுக்கறது பொம்மை."

"எனக்குத் தெரிஞ்ச வேல இதுதான் சன்னெ."

"நாலு வார்த்தை பேசறதுக்கு என்ன வந்தது உனக்கு?"

"வரல," என்றாள். "அதான் பிரச்சன."

வளையம் சுடுகிறேன், ஆனால் கேக் கவிழ்ந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதங்களில் அவளைப் போலச் சந்தோஷமான ஆளை நான் பார்த்ததில்லை. காற்று அடித்தால் எல்லோரும் திட்டுவார்கள், இவள் விசிலடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறப்பாள். நான் போனால் திரையில் கிரேனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள், மேலிருந்து, கீழிருந்து, வயிற்றுக்குள்ளிருந்து. இரண்டு துண்டு ஒன்றின் இடத்தில் ஒன்று மோதினால் சாஃப்ட்வேர் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பைத் துரத்திக்கொண்டே ஒரு வாரம் ஓட்டியிருக்கிறாள். மோட்டார் வைக்கவில்லை. மோட்டார் உதறும், கைதான் நிதானம் என்று பின்பக்கம் மூன்று கைப்பிடி வைத்தாள். ஒன்று கிரேனைச் சுழற்ற, ஒன்று நீண்ட கையை ஏற்றி இறக்க, ஒன்று கயிறுக்கு. கட்டிமுடித்த படத்தைச் சாஃப்ட்வேர் மினுமினுவென்று போட்டோ மாதிரி ஆக்கிக் கொடுத்தது. அதை அலைபேசியில் வைத்துக்கொண்டு, வேலை செய்கிற இடத்திலெல்லாம் யாரும் கேட்காமலே காட்டினாளாம். விபெக்கெ தானாக வந்து ஒன்றைக் காட்டினாள் என்பதே அங்கே செய்தி.

பிறகு நிஜக் கட்டைகளை வரவழைத்தாள். ஜெர்மனியிலிருந்து கொஞ்சம், போலந்திலிருந்து கொஞ்சம், நெதர்லாந்தில் ஒரு ஆசாமி நீலக் கட்டை மட்டுமே விற்கிறானாம், அவனிடமிருந்து கொஞ்சம். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மேஜையின் ஒரு முனையில் ரை ரொட்டியும் ஈரல் மசியலும் ஊறுகாய் மீனும். மறுமுனையில் கிரேன், கடைசித் துண்டு மாட்டி முடித்து, மேஜை மேல் ஒரு முழ உயரத்துக்கு நிற்கிறது. பொம்மை என்று சொன்னதற்கு வெட்கமாக இருந்தது.

"தூக்கிக் காட்டு பாக்கலாம்," என்றேன்.

கொக்கியில் இன்னும் ஒன்றுமே மாட்டவில்லை. நீண்ட கையை முன்னால் இறக்க விபெக்கெ கைப்பிடியைச் சுற்றினாள். கை முன்னால் சாய்ந்தது. கிரேன் ஒரு யோசனை யோசித்தது. அப்புறம் பின்சக்கரங்கள் மெல்ல மேலே எழும்ப, மொத்த வண்டியும் தலைகுப்புற ஈரல் மசியலுக்குள் போய் விழுந்தது.

நான் கிரேனின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். கிரேன் கவிழாமல் இருக்கப் பின்னால் பெரிய எடைப்பெட்டி ஒன்று இருக்குமே, நிஜக் கிரேனில் அது மட்டும் பல டன். இதிலும் அதை அச்சு அசலாகச் செய்திருந்தாள், முதலாளியின் பெயரைக்கூட எழுதியிருந்தாள். கையில் எடுத்தால் காகிதப் பை கனம்கூட இல்லை.

"அக்கா, இதுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"என்னது?"

"வெளியிலேர்ந்து பாத்தா உள்ள தெரியாது. எதுக்கு வீணா கட்டைன்னு காலியா விட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. "கம்ப்யூட்டர்ல அது நல்லா நின்னுச்சு சன்னெ."

கம்ப்யூட்டரில் எதுதான் விழும்? அந்தத் திரைக்குள் கனமே கிடையாது. ஒற்றைக் கட்டையை நடு ஆகாயத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். யாராவது கிலோ கணக்கைச் சொல்லாவிட்டால் கொக்கியை இறக்காத பெண்பிள்ளை, குளிர்காலம் முழுக்க அந்தத் திரையைப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். விபெக்கெ என்னை முறைத்தாள், மசியலில் மூக்கைப் புதைத்திருக்கிற கிரேனைப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு கிழவிகள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க வந்தவர்களிடம் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மத்தியானத்துக்குள் விஷயம் கிரேன் கொட்டகைக்குப் போய்விட்டது. அங்கே மெக்கானிக் ஓலுஃப் அவளுடைய நிஜக் கிரேனின் எடைப்பெட்டியில் "உள்ளே காலி" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டான். அவள் அதைக் கிழிக்கவில்லை, ஒரு வாரம் அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டினாள். ஓலுஃபே பாவம் பார்த்து, ஒரு டப்பா நிறைய போல்ட்டும் நட்டும் கொண்டுவந்து கொடுத்தான், பெட்டிக்குள் போட்டுக்கொள் என்று. லெகோ பிடித்தவர்கள் கூடும் சங்கத்தில் ஒருவர் கட்டையைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக்கூடாது, அது தர்மம் இல்லை என்றாராம். கிரேன் கவிழ்வது எந்தத் தர்மம் என்று கேட்டுவிட்டு வந்தாள். அவள் ஒரு வாரத்தில் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

எடைப்பெட்டியின் மூடி திறக்கிற மாதிரி மறுபடி கம்ப்யூட்டரில் வரைந்து, ஊன்றுகால்களை அகலமாக்கி, எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் கட்டினாள். இந்தத் தடவை ஒழுங்காக என்னிடம் வந்து, வளையம் எத்தனை கிராம், பொம்மையோடு எத்தனை, சர்க்கரைக் கோலம் போட்ட பிறகு எத்தனை என்று குடைந்து எடுத்தாள். நான் ஒத்திகைக்கென்று வளையமாகச் சுட்டுத் தள்ளினேன். தூக்கிப் பார்த்து முடித்த வளையங்களை நாங்களே தின்றோம். ஜூனில் என் பாவாடை இடுப்பில் ஏறவில்லை.

கல்யாணத்தன்று நல்ல வெயில். ஊர்ப் பொதுக்கூடத்தில் நீள மேஜைகள், தட்டுக்குத் தட்டு சின்னக் கொடி, பன்றி வறுவலும் உருளைக்கிழங்கும் பழுப்புக் குழம்பும். ஆட்கள் கோப்பையை டங் டங்கென்று தட்டும்போதெல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலி மேல் ஏறி முத்தம் கொடுத்துக் களைத்துப் போனார்கள். மால்தெயின் தாய்மாமன் ஃப்ரோடெதான் விழாவை நடத்தினார். பள்ளிக்கூட வாத்தியார், ஒழுங்கு என்றால் உயிர். முதல் பேச்சு பெண்ணின் அம்மா என்று அவர் காகிதத்தில் இருந்தது. அக்கா போய் அவர் காதில், என்னுடையதைக் காபி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் பதறிவிட்டார். பேச்சா, விளையாட்டா, என்ன அது, பேச்சு முடிந்தால்தானே எல்லோரும் எழுந்து ஹுர்ரே சொல்ல முடியும், இதற்கு என்ன செய்வது என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அக்காவின் பேச்சு தள்ளிப்போகிறது என்று கேட்டபோது சீசெலின் முகத்தில் ஒரு நிழல் ஓடியதை நான் பார்த்தேன். அவள் கண் சமையலறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. என் பைக்குள் நான் எழுதிய பேச்சு தயாராக இருந்தது.

காபி வந்தது. உச்சி இல்லாத வளையக் கோபுரத்தை நான் கொண்டுவந்து நடு மேஜையில் வைத்தேன். ஃப்ரோடெ எழுந்து, "இப்ப பொண்ணோட அம்மா…" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் உட்கார்ந்தார். விபெக்கெ ஒரு துணியால் மூடிக் கிரேனைத் தூக்கிவந்தாள். கோபுரத்துக்குப் பின்னால் வைத்து, ஊன்றுகால்களை இறக்கி, துணியை எடுத்தாள். கூடத்தில் ஒரு "ஓ" எழுந்தது. குட்டை நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, கிரேனுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைப்பிடிகளில் கை வைத்தாள்.

நான் கொக்கியில் மாட்டிவிட்ட உச்சி வளையம் எழும்பியது. அதன் மேல் சர்க்கரை ஜோடி லேசாக ஆடியது. கிரேன் அசையவில்லை, பாறை மாதிரி நின்றது. நீண்ட கை மெதுவாகத் திரும்பிக் கோபுரத்துக்கு மேலே வந்தது. அங்கே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று எனக்கு உடனே விளங்கவில்லை, பிறகு அக்காவின் கழுத்தைப் பார்த்ததும் விளங்கியது. எட்டி எட்டிப் பார்க்கிறாள். கோபுரம் அவள் கண்ணுக்கு மேலே இருக்கிறது. வளையம் உச்சிக்கு நேராக இருக்கிறதா, கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறதா என்று அங்கேயிருந்து தெரியாது. கம்ப்யூட்டரில் மௌஸைச் சுழற்றினால் பக்கவாட்டில் போய்ப் பார்த்துவிடலாம். இங்கே கையை விட்டால் கயிறு ஓடிவிடும். நெற்றியில் வியர்வை. நூறு பேர் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். அவள் கண் ஒரு தரம் சமையலறைப் பக்கம் போனது, சத்தியமாகப் போனது. நான் பையைத் திறந்து காகிதத்தைத் தொட்டேன்.

அப்போது சீசெல் எழுந்தாள். அத்தனை பெரிய வெள்ளைப் பாவாடையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, கோபுரத்துக்குப் பக்கவாட்டில், அம்மா கண்ணில் படுகிற இடத்தில் நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை முன்னால் காட்டினாள். விபெக்கெ நிமிர்ந்தாள். கிரேன்காரர்களுக்குக் கீழே நின்று கைச் சாடை காட்டுகிற ஆள் எப்போதும் இருப்பார், அவர் கையைத் தவிர வேறு எதையும் ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாது. பள்ளி விடுமுறை நாட்களையெல்லாம் அம்மாவின் கேபினில் கழித்த பிள்ளைக்கு அந்தச் சாடை எல்லாம் தெரியும் என்று எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கையை மடக்கித் தன் பக்கம் அசைத்தாள், நீண்ட கை கொஞ்சம் முன்னால் வந்தது. வலது கையை உயர்த்தினாள், நின்றது. பிறகு அந்தக் கையைக் கீழே நீட்டி, சின்னதாக, மிகச் சின்னதாக வட்டம் போட்டாள். கயிறு இறங்கியது. அம்மா மகளின் விரலைப் பார்த்தபடி, மகள் வளையத்தைப் பார்த்தபடி. வளையம் உச்சியில் உட்கார்ந்தது. சர்க்கரை ஜோடி நேராக நின்றது.

சீசெல் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்துக் கோத்தாள். வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம். ஒரு நொடி காட்டினால் போதும். அவள் கைகளைப் பிரிக்கவே இல்லை. கைகளைக் கோத்தபடியே நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் ஓடியது. விபெக்கெ கைப்பிடிகளை விட்டுவிட்டு எழுந்து, அவளும் தன் கைகளை மார்பில் கோத்துக்கொண்டாள்.

ஃப்ரோடெ பாதி எழுந்தார், பாதி உட்கார்ந்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீசெல் அவர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பேசி முடிச்சிட்டாங்க," என்றாள். "எல்லாரும் எந்திரிங்க."

நூறு நாற்காலிகள் பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. மூன்று தரம் ஹுர்ரே சொன்னோம், அதன்பின் நீளமாக ஒன்று. என் அக்கா அத்தனைக்கும் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள், எங்கும் போகவில்லை.